கொட்டகை வரைக்கும்

தீயே பிடிக்காத இடத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தால் மனுஷன் என்ன செய்வான்? நேரத்துக்குச் சாப்பிடுவான், வண்டியைத் துடைப்பான், தொப்பை போடுவான். டேங்கர் இந்த மூன்றையும் குறையில்லாமல் செய்தார். டேங்கர் என்பது உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். அது வண்டிக்கு வைத்த பெயரா, ஆளுக்கு வைத்த பெயரா என்று யாராவது சீண்டினால், "ரெண்டு பேரும் ஒரே சைஸ்தானே, யாருக்கு வச்சா என்ன" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

அது தனியார் விமானங்களுக்கான சின்னத் திடல். காசுள்ளவர்கள் சொந்தமாக வாங்கி வைத்திருந்த ஒன்பது விமானங்கள் அங்கே நின்றன. எதிலும் ஆறு பேருக்கு மேல் உட்கார முடியாது. ஒரே ஒரு ஓடுபாதை. அதன் கிழக்கு முனையில் ஆபீஸ், ரேடியோ அறை, அவற்றுக்குப் பின்னால் விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கர், பக்கவாட்டில் தீயணைப்பு வண்டியின் தகரக் கொட்டகை. மேற்கு முனையில் புல்லைத் தவிர ஒன்றும் கிடையாது. கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்து மேற்கு முனைக்குப் போய்ச் சேர இரண்டு நிமிஷம் ஆகும். பதினாறு வருஷத்தில் டேங்கர் அதை எத்தனையோ தடவை பயிற்சிக்காக ஓட்டிப் பார்த்து வைத்திருந்தார்.

ஒரு விமானம் ஓடுபாதைக்குப் போக வேண்டுமென்றால் ரேடியோ அறையில் இருக்கிறவர் முதலில் டேங்கரைக் கேட்க வேண்டும். அது சட்டம். இடுப்பில் தொங்கும் கைரேடியோ கரகரக்கும். "வண்டி ரெடியா?" "ரெடி." அந்த ஒரு வார்த்தை வராமல் எந்த விமானமும் ஓடுபாதையில் ஏறக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்து தடவை, பன்னிரண்டு தடவை டேங்கர் அதைச் சொன்னார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சொன்னார். கக்கூஸில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். கேள்வி முடிவதற்குள் பதில் போய்விடும். பதினாறு வருஷம் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொன்னால் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகிப்போகும்.

இனி பேட்டரி விவகாரம். பழைய விமானங்கள் குளிர்ந்த காலையில் லேசில் கிளம்பாது. வெளியிலிருந்து கேபிள் போட்டு மின்சாரம் கொடுத்தால்தான் இன்ஜின் சுற்றும். அதற்காக ஹேங்கரில் ஒரு ஜோடி பேட்டரி தள்ளுவண்டியில் இருந்தது. அது செத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. புதிது வேண்டும் என்று மெக்கானிக் ஏழு கடிதம் எழுதினார். ஏழுக்கும் ஆபீஸிலிருந்து ஒரே பதில், பரிசீலனையில் இருக்கிறது. எட்டாவது கடிதத்துக்குப் பதிலாக அவர் தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்கு வந்தார்.

மெக்கானிக் வேறு யாருமில்லை, டேங்கரின் சகலை. அக்காளை டேங்கர் கட்டினார், தங்கையை மெக்கானிக் கட்டினார். அவரை இந்த வேலையில் கொண்டுவந்து சேர்த்ததே டேங்கர்தான். இப்படி இருக்கும்போது ஒரு பேட்டரிக்கு இல்லை என்று சொல்ல வாய் வருமா?

"அண்ணே, உங்க வண்டி பேட்டரிய அஞ்சு நிமிஷம் எடுத்துக்கறேன். கெளப்பிட்டு மாட்டிடறேன்."

"எடுத்துக்கோ. மறக்காம மாட்டிடு. அப்புறம் நான் வாயால ஊதித்தான் தீய அணைக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பேட்டரியைக் கழற்றினால் ஒரு சீட்டு எழுதி ரேடியோ அறையில் கொடுக்க வேண்டும், திரும்ப மாட்டுகிற வரைக்கும் திடலை மூட வேண்டும் என்று விதி இருந்தது. சீட்டுப் புத்தகம் ஆணியில் தொங்கியது. அதில் ஒரு தாளைக்கூட யாரும் கிழிக்கவில்லை. இதில் யாரைத் திட்டுவது? ஆபீஸைத் திட்டலாம், மெக்கானிக்கைத் திட்டலாம், டேங்கரை நாலு சாத்துச் சாத்தலாம். அந்த இரண்டு வருஷமும் ஒன்றும் நடக்காததுதான் எல்லாருக்கும் கண்ணை மறைத்துவிட்டது.

மெக்கானிக்குக்கு ஒரே மகள். எல்லாரும் பொடிசு என்று கூப்பிட்டார்கள். இருபத்தாறு வயதாகி, அப்பாவைவிட அரை அடி உயரமாக வளர்ந்த பிறகும் அவள் பொடிசுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஹேங்கருக்கு வந்து, விமானத்தின் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். டேங்கருக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். அதனால் பொடிசு அவருக்குச் செல்லம். தீயணைப்பு வண்டியின் மணியை அடிக்க அவளுக்கு மட்டும்தான் அனுமதி. அவள் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றபோது மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "கீழ இருந்து ஸ்பேனர் புடிச்சாப் போதாதா? மேல வேற போகணுமா?" என்றார். "போகட்டும்டா, நான் கீழ இருக்கேன்ல" என்று சொல்லி, தன் சேமிப்பிலிருந்து பாதியை எடுத்துக் கொடுத்தவர் டேங்கர். பொடிசு படித்து முடித்து, அதே திடலில் ஒரு மில் முதலாளியின் விமானத்துக்குப் பைலட் ஆனாள்.

அன்று காலை மில் முதலாளியின் அப்பாவை அவள் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எழுபத்தைந்து வயதுப் பெரியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. வேறு ஊரில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டப் போகிறார்கள். அந்த விமானத்துக்குக் கதவு ஒன்றே ஒன்று, வலது பக்கம், இறக்கைக்கு மேலே. முதலில் பைலட் ஏறி இடது இருக்கைக்கு நகர்ந்து உட்கார வேண்டும், பிறகு பக்கத்து ஆள் ஏற வேண்டும். இறங்கும்போது பக்கத்து ஆள் இறங்கினால்தான் பைலட் இறங்க முடியும். பெரியவரைத் தூக்கி ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். மாவுக்கட்டுப் போட்ட கால் மடங்காததால் அதைக் கோணலாக நுழைக்கவே கால் மணி நேரம் ஆனது.

"பாத்துக்கோம்மா, என்னை எறக்கும்போதும் இதே கூத்துதான்" என்றார் பெரியவர்.

"எறக்கறதுக்கு அந்த ஊர்ல ஆள் இருக்காங்க தாத்தா. நீங்க ஜன்னல் வழியா வேடிக்கை பாருங்க" என்றாள் பொடிசு.

அன்றைக்கு நல்ல குளிர். இன்ஜின் முரண்டு பிடித்தது. மெக்கானிக் டேங்கரின் பேட்டரியைக் கேபிளில் கோத்து ஆறு தடவை சுற்ற வேண்டியிருந்தது. ஏழாவது தடவை பிடித்துக்கொண்டது. அதற்கு முன்னாலேயே இன்னொருவரின் விமானத்துக்கும் அதே பேட்டரியில் நாலைந்து சுற்று கொடுத்திருந்தார். பொடிசு கட்டைவிரலைக் காட்டிவிட்டு விமானத்தை நகர்த்தினாள். கொட்டகையைத் தாண்டும்போது டேங்கருக்கும் காட்டினாள். ரேடியோ கரகரத்தது. "வண்டி ரெடியா?" டேங்கர் வலது கையில் டீ டம்ளரை வைத்திருந்தார். இடது கையால் ரேடியோவை அழுத்தி "ரெடி" என்றார். பேட்டரி ஹேங்கரில் தள்ளுவண்டியின் மேல் இருந்தது. மெக்கானிக் அதைக் கொண்டுவருவதற்குள் யாரோ அவரைப் போனில் கூப்பிட்டார்கள், அவர் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

இருபது நிமிஷம் கழித்து ரேடியோக்காரரின் குரல் வந்தது. எப்போதும் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவர், அன்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"பொடிசு திரும்பி வருது. உள்ள ஏதோ கருகுற வாசனை வருதாம். எட்டு நிமிஷத்துல இங்க இருப்பேங்குது. வண்டி ரெடியான்னு கேக்குது."

"ரெடி" என்றார் டேங்கர்.

சொல்லி முடித்த பிறகுதான் பேட்டரி ஞாபகத்துக்கு வந்தது. உடனே ரேடியோவை அழுத்தி, இல்லை, ரெடி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் மனசு அப்போது கணக்குப் போட்டது. எட்டு நிமிஷம் இருக்கிறது. பேட்டரியைத் தள்ளிக்கொண்டு வர இரண்டு நிமிஷம், மாட்ட நாலு நிமிஷம். எதற்குப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டும்? வெறும் வாசனைதானே, ஏதாவது ஒயர் சூடாகியிருக்கும். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே அவர் ஹேங்கரைப் பார்த்து ஓடினார். அந்த உடம்பு ஓடி யாரும் பார்த்ததில்லை.

மெக்கானிக் எதிரே தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருந்தது. தள்ளினார்கள், தூக்கினார்கள், மாட்டினார்கள். மெக்கானிக்கின் விரலிலிருந்து நட்டு இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. ரேடியோ மறுபடியும் பேசியது. "உள்ள புகை வருதாம். ஜன்னலத் தொறந்து வச்சிருக்கு. மூணு நிமிஷம்." கடைசி நட்டை முறுக்கியதும் டேங்கர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டொக் என்றது. அவ்வளவுதான்.

மறுபடியும் திருப்பினார். டொக். விளக்கு மங்கலாக எரிந்து அணைந்தது. காலையில் இரண்டு விமானங்களைச் சுற்றியதில் பேட்டரியில் இருந்த உயிரெல்லாம் போயிருந்தது. அந்த வண்டியின் இன்ஜின் ஓடினால்தான் பம்பு ஓடும். பம்பு ஓடினால்தான் தண்ணீர் வரும். மூவாயிரம் லிட்டர் தண்ணீர் அவர் முதுகுக்குப் பின்னால் சும்மா நின்றது. தள்ளிக் கிளப்பலாம் என்றால், இன்ஜின் ஓடினால்தான் விடுபடுகிற காற்று பிரேக் இறுகிக் கிடந்தது, நாற்பது பேர் தள்ளினாலும் அசையாது. இது டேங்கருக்கும் தெரியும், மெக்கானிக்குக்கும் தெரியும். இருந்தும் மெக்கானிக் வண்டியின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"தீ. தீ தெரியுதாம்" என்றது ரேடியோ. "இன்ஜின அணைச்சிடுச்சு. மெதந்துதான் வருது. மேக்கால இருந்து எறங்குது."

அப்போதுகூட ஒரு நிமிஷம் இருந்தது. ரேடியோ இடுப்பிலேயே இருந்தது. டேங்கரின் இரண்டு கையும் சாவியில் இருந்தன. அடுத்த திருப்பில் பிடித்துக்கொள்ளும், அடுத்த திருப்பில் பிடித்துக்கொள்ளும் என்று அவர் திருப்பிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பிறகு அவரால் எதைச் செய்தும் மனசைவிட்டுத் தள்ள முடியவில்லை.

மேற்கே விமானம் தெரிந்தது. மூக்குக்கு அடியிலிருந்து கறுப்புப் புகை வயிற்றோடு ஒட்டிப் பின்னால் போனது. நேராக, கொஞ்சம்கூட ஆடாமல் வந்தது. பிள்ளை நன்றாகத்தான் ஓட்டினாள், அதில் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஓடுபாதை தொடங்கியதுமே அவள் இறக்கியிருக்கலாம். இறக்கி, பிரேக்கை மிதித்து, மேற்கு முனையிலேயே நின்றிருக்கலாம். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். தரையைத் தொட்டால் உடனே நிறுத்து, உடனே இறங்கு. அவளோ உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டு பாதி ஓடுபாதைவரை மிதந்தே வந்தாள். தரையைத் தொட்ட பிறகும் பிரேக்கைத் தொடவில்லை. விமானம் உருண்டு உருண்டு வந்து, தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்கு நேர் எதிரே, முப்பதடி தள்ளி, அளந்து வைத்த மாதிரி நின்றது. அதற்குள் புகை போய்த் தீ வந்துவிட்டது.

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீட்டிச் சொல்ல மனசு வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சிவப்புத் தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உருளையில் இருந்த வெள்ளைப் பொடி அரை நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. பொடிசு உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டாள். அதை மறித்துக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருந்தார், மடங்காத காலோடு. அவரை வெளியே எடுக்காமல் அவளை எடுக்க முடியாது. டேங்கர் அவரது கக்கத்தில் கை கொடுத்து இழுத்தார், உள்ளிருந்து பொடிசு தள்ளினாள். காலையில் கால் மணி நேரம் ஆன வேலை. எத்தனை விநாடி ஆனது என்று தெரியவில்லை. தீ இடது பக்கமாகத்தான் உள்ளே வந்தது, அவள் பக்கமாக. பெரியவர் இறக்கையிலிருந்து சரிந்து மெக்கானிக்கின் மேல் விழுந்தார். டேங்கர் மறுபடியும் உள்ளே கை விட்டபோது அவருக்குக் கிடைத்தது அவளுடைய சட்டைக் காலர். அதைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார். அவர் இரண்டு கையும் முழங்கைவரை வெந்துபோயின. அது அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

பொடிசு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண்ணைத் திறக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டாள்.

அதே ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடியில் அந்தப் பெரியவர் இருந்தார். அவருக்குக் கன்னத்திலும் கழுத்திலும் காயம், மற்றபடி ஒன்றுமில்லை. டேங்கர் கைக்கட்டுகளோடு அவரைப் பார்க்கப் போனார். எதற்குப் போனார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கடைசியாக அவளோடு பேசிய ஆள் அவர்தான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். திடலில் வேலை செய்கிறவன் என்று மட்டும் சொன்னார்.

பெரியவர் அழுதார். "என்னால போன உசுருப்பா அது. நான் கெழவன், எனக்கு இன்னும் என்ன கெடக்கு."

"உள்ள அவ ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார் டேங்கர்.

"ஒடனே எறக்கிடும்மான்னு நான் கத்தினேன். அது கொஞ்சம்கூடப் பதறல. 'தாத்தா, இங்க நிறுத்தினா உங்கள எறக்கறதுக்குள்ள எரிஞ்சிடும். எங்க பெரியப்பாகிட்டப் போயிடலாம், அவர் தண்ணிய அடிச்சிக்கிட்டே இருப்பார், நாம மெதுவா எறங்கலாம்'னு சொல்லுச்சு. நான் அது பயத்துல ஏதோ உளறுதுன்னு நெனச்சேன். செத்துப்போன பெரியப்பா யாரையாவது கூப்பிடுதோன்னு நெனச்சேன்."

டேங்கர் எழுந்து நின்றார். "ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கட்டுப் போட்ட கையால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்தாதவர், எல்லாரையும் உட்காரச் சொல்லிப் பேசியவர். ஆபீஸ் அறையில் மேஜையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மெக்கானிக்கைக் காலையிலேயே விசாரித்துவிட்டார். டேங்கர் கடைசி ஆள்.

ஒன்றையும் பூசி மெழுகக் கூடாது என்று டேங்கர் முடிவு பண்ணிக்கொண்டுதான் உள்ளே போனார். இன்ஜினுக்கு அடியில் புகைபோக்கிக் குழாயில் தலைமுடி அளவு விரிசல், அதிலிருந்துதான் தீ, அதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று முன்னாலேயே தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே கேள்விதான். பொடிசு ஏன் உடனே நிறுத்தவில்லை? திடலில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பயத்தில் பிரேக்கை மறந்துவிட்டாள், புகையில் கண் தெரியவில்லை, சின்னப் பெண்தானே, அனுபவம் போதாது. அந்தப் பேச்சைத்தான் டேங்கரால் தாங்க முடியவில்லை. அவளை இனிக் கொண்டுவர முடியாது. அவள் மேல் ஒரு சொல் விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அவர் கையில் மிச்சம் இருந்தது. வேலை போகும், ஜெயிலுக்குக்கூடப் போகலாம். போகட்டும் என்றிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வருஷமாகப் பேட்டரியைக் கொடுத்து வாங்கியதைச் சொன்னார். பேட்டரி இல்லாமலே ரெடி என்று சொன்னதை, அதை அவள் நம்பி வந்ததை, பெரியவர் சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை வைத்தார்.

"பேட்டரியக் கழட்டினதுக்குச் சீட்டு இருக்கா?"

"இல்லீங்க. நாங்க எழுதறதே இல்ல."

"யாராவது பாத்தாங்களா?"

"தள்ளுவண்டியில இருக்கறது எந்த வண்டி பேட்டரின்னு யாரும் கேட்டதில்ல, எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் என் சகலைக்கும்."

"அவர்கிட்டக் காலையில கேட்டேன். பேட்டரிய எப்பவும் கழட்டினதே இல்ல, வண்டியிலயேதான் இருந்துச்சு, பழசு, அன்னிக்குன்னு பாத்துக் கை விட்டுடுச்சுங்கறார்."

டேங்கர் கட்டுப் போட்ட கைகளை மேஜையின் மேல் வைத்தார்.

அதிகாரி கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "உங்க நெலமை எனக்குப் புரியுது ஐயா. தூக்கி வளத்த புள்ள. அதும்மேல தப்புன்னு எழுதக் கூடாதுன்னு பாக்கறீங்க. அதுக்காக எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கறீங்க."

"நான் சொல்றது நெசங்க."

"அவர் அந்தப் பொண்ணோட அப்பா. நீங்க சொன்னது நெசமா இருந்தா, அத மொதல்ல சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தானே? செத்துப்போன மக பேரக் கெடுக்கற மாதிரி எந்தத் தகப்பனாவது பொய் சொல்லுவானா, நீங்களே சொல்லுங்க."

சொல்லுவான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கே நம்பிக்கை வரவில்லை. சகலை ஏன் அப்படிச் சொன்னார் என்பது மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. பேட்டரியை எடுத்தேன் என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவார்?

"பெரியவர் சொன்னதையும் சேத்துக்கறேன்" என்றார் அதிகாரி. "ஆனா அது அந்தப் பொண்ணுக்கு எதிராத்தான் நிக்கும். வண்டிதான் விமானத்துக்கிட்டப் போகணும். விமானம் வண்டியத் தேடி வரக் கூடாது. இது மொதல் வருஷப் பாடம். எறங்கின எடத்துலயே நிறுத்தியிருந்தா அவங்களுக்கு முப்பது செகண்டு கூடக் கெடச்சிருக்கும். நான் அப்படித்தான் எழுதணும்." பிறகு ஃபைலை மூடிவிட்டு, "கையில மருந்து ஒழுங்காப் போடுங்க, சீழ் வச்சிடும்" என்றார்.

வெளியே வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. டேங்கரின் மனைவியும் அவள் தங்கையும் அங்கே இருந்தார்கள். தங்கை உட்காரவில்லை. மகள் போன நாளிலிருந்து அவள் புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டேதான் நின்றாள், நடந்தாள், ஒரு இடத்திலும் விடவில்லை. அன்றும் மெக்கானிக்கின் சட்டை ஓரம் அவள் கைக்குள் கசங்கியிருந்தது. மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டேங்கர் வந்து நின்றதும் தலை நிமிர்ந்தது. பத்து நாளில் அந்த முகம் கிழவன் முகமாகியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத்தான்" என்றாள் தங்கை. "உள்ள என்ன சொல்றாங்க? புள்ள மேலதான் தப்புன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. நீங்க பக்கத்துல இருந்து பாத்தவங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன். அவ தப்புப் பண்ணிட்டாளா?"

டேங்கர் அவள் கையைப் பார்த்தார். சொல்லிவிட்டால் அந்தக் கை சட்டையை விட்டுவிடும். விட்டால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள இந்த உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்து, யாரோ ஒரு அந்நியரிடம் பொடிசுக்காக மன்றாடிவிட்டு வந்தவர், பெற்றவளிடம் சொல்ல வேண்டியதைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கினார்.

"ஆமாம்மா" என்றார். "கொஞ்சம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. புருஷனின் சட்டையை இன்னொரு தடவை நன்றாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான் அத்தான்" என்றாள். "யார் சொன்னாலும் கேட்டுக்க மாட்டா."